வேலிக்கு மேலே தெரியும் ஜன்னல்

அத்தியாயம் 19

அன்று மாலை ஹியரிங். விஷாகா விடிந்ததிலிருந்தே அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

காபி போடும்போதும், கதிருக்கு லஞ்ச் பாக்ஸ் கட்டும்போதும் வாய்க்குள் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தாள். "மரியாதைக்குரிய போர்டு உறுப்பினர்களே, எங்கள் வீட்டின் பின்கதவு..." என்று ஆரம்பிப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பின்கதவிலேயே வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும் பேச்சு.

பின்கதவு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். சமையலறையை ஒட்டிய பெரிய கண்ணாடிக் கதவு அது. தள்ளித் திறந்தால் காலை வைக்க ஒன்றும் கிடையாது. நெஞ்சுயரப் பள்ளம், கீழே மண். வீடு வாங்கிய புதிதில் அங்கே ஒரு பழைய டெக் இருந்தது, கதவு மட்டத்துக்கு மரப்பலகையில் கட்டிய திறந்த மேடை. மரம் உளுத்துப்போய், ஒரு குளிர்காலத்தில் பனியின் பாரம் தாங்காமல் பாதி சரிந்ததும் பிரித்துப் போட்டார்கள். அடுத்த சம்மரில் புதிதாகக் கட்டிவிடலாம் என்றான் கதிர். அந்த அடுத்த சம்மர் வரவே இல்லை. மகள் அதிதி தெரியாமல் திறந்து விழுந்துவிடக் கூடாது என்று குறுக்கே அடித்த கட்டை, அவள் டெக்சஸில் காலேஜ் சேர்ந்த பிறகும் அப்படியே இருந்தது.

இந்த வசந்த காலத்தில் விஷாகா தானே இறங்கிவிட்டாள். ஆளைப் பிடித்துப் படம் வரையச் சொன்னாள். பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணினாள். ஊர் நிர்வாகமான டவுன்ஷிப் இரண்டே வரியில் மறுத்துவிட்டது. டெக் கட்டினால் பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து பத்தடி தள்ளி இருக்க வேண்டும். இவர்கள் கதவோ வீட்டின் அந்த ஓரத்தில் இருக்கிறது, ஆறடிதான் மிஞ்சும். பழைய டெக் கட்டிய காலத்து விதி வேறாம். வேண்டுமென்றால் கட்டட விதிகளைக் கவனிக்கும் சோனிங் போர்டின் முன்னால் வந்து விதிவிலக்குக் கேட்கலாம். சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் பதிவுத் தபாலில் தகவல் அனுப்ப வேண்டும். ஆட்சேபம் இருப்பவர்கள் நேரில் வந்து சொல்லலாம்.

போன வாரம் அந்தத் தபால்களை விஷாகா அனுப்பி முடித்ததைப் பார்த்தோம். அவற்றில் ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போனது. வில்லங்கமே அங்கேதான்.

பக்கத்து வீடு, கதிரின் அண்ணன் குமாரசாமியின் வீடு.

நியூ ஜெர்சியில் ஐசலினுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தத் தெருவில் முதலில் வீடு வாங்கியவர் அவர்தான். அடுத்த வீடு விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்ததும், போர்டு வைப்பதற்கு முன்னாலேயே தம்பிக்குப் போன் போட்டுவிட்டார். இரண்டு கொல்லைக்கும் நடுவில் வேலி வைக்கவில்லை. மாநில நெடுஞ்சாலைத் துறையில் சிவில் இன்ஜினியராக இருந்த மனுஷன், சனிக்கிழமை ஆனால் டிராயரை மாட்டிக்கொண்டு இரண்டு வீட்டுப் புல்லையும் ஒரே மூச்சில் வெட்டுவார். டெக் கட்டினால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே டெக்காகக் கட்டிவிடலாம் என்று அவரே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அதெல்லாம் இனியன் விஷயம் வெடிப்பதற்கு முன்னால்.

இனியன் அவருடைய ஒரே மகன். கலிபோர்னியாவில், மில்பிடாஸில் வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகும் நேட்டலியைக் கூட்டிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நியூ ஜெர்சிக்கு வந்தவன், தன் வீட்டுப் படியேறவில்லை. நேராகச் சித்தி வீட்டுக்கு வந்தான். விஷாகா இரண்டு பேருக்கும் தோசை வார்த்துப் போட்டாள். "அப்பாகிட்ட நானே சொல்றேன் சித்தி, கொஞ்சம் டைம் குடுங்க" என்று அவன் கேட்டதால் வாயைத் திறக்கவில்லை. நான்கு மாதம் கழித்து விஷயம் வெளியே வந்தபோது, மகன் வேறு இனத்தில் பெண் எடுத்ததைவிடவும் தம்பி பெண்டாட்டிக்கு முதலில் தெரிந்திருக்கிறது என்பதுதான் குமாரசாமிக்குத் தாங்கவில்லை. கலிபோர்னியாவில் நடந்த கல்யாணத்துக்கு அவரும் போகவில்லை, மனைவி பூங்கோதையையும் போக விடவில்லை. அடுத்த வாரமே ஆட்கள் வந்து வேலி போட்டார்கள். ஆறடி உயரம், வெள்ளை வெளேரென்று, ஒரு விரல் நுழைய இடுக்கு இல்லாமல். முறைப்படி பெர்மிட் வாங்கித்தான் போட்டார்.

கதிர் அந்த வேலியைப் பற்றி அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரைக்கும்.

அன்று காலையும் அவன் பேச்சு பட்டும் படாமலும்தான் இருந்தது. ஜெர்சி சிட்டி டிரெயினுக்கு நேரமாகிவிட்டது என்று ஷூவுக்குள் காலை நுழைத்தபடியே, இந்த ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்டான்.

"அதிதி கிண்டர்கார்ட்டன் போறப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"அதுக்கில்ல விஷாகா. அண்ணன் மனசுல என்ன இருக்குன்னு தெரியல."

"கேட்டுப் பாருங்க. நடுவுல ஒரு வேலிதானே இருக்கு."

அவன் லேஸைக் கட்டினான். பிறகு, அண்ணன் எப்படியும் ஹியரிங்குக்கெல்லாம் வர மாட்டார், வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் நின்று குடும்ப விஷயம் பேசுகிற ஆள் இல்லை அவர் என்று, அவளுக்குச் சொல்கிறானா தனக்கே சொல்லிக்கொள்கிறானா என்று தெரியாதபடி சொல்லிவிட்டுக் கிளம்பினான். மாலையில் ஸ்டேஷனில் வந்து பிக்கப் பண்ணச் சொன்னான்.

ஆஸ்பத்திரி லேபுக்கு லீவு போட்டிருந்தாள் விஷாகா. போர்டில் காட்ட வேண்டிய போட்டோக்களைப் பெரிதாக பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அப்படியே ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறிக் கடைக்குள் நுழைந்தாள். அங்கே வெண்டைக்காய்க் கூடைக்கு முன்னால் பூங்கோதை நின்றிருந்தாள்.

பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று எத்தனையோ மாதமாகிவிட்டது. பூங்கோதை இளைத்திருந்தாள். ஈரோட்டுப் பக்கத்து உயரமான உடம்பு, இப்போது ஸ்வெட்டருக்குள் தொளதொளவென்று இருந்தது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துப் பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தவள், விஷாகாவைக் கண்டதும் முதலில் கடை வாசலைத்தான் பார்த்தாள். வெளியே குமாரசாமியின் கார் இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"அவரு இன்னைக்கு வர்றாரு" என்றாள் பூங்கோதை, காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசறதுக்கு எல்லாம் ரெடி பண்ணிட்டாரு. நேத்து முழுக்கக் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தாரு."

விஷாகா அவள் பக்கம் நெருங்கினாள். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அக்கா என்று கேட்டாள்.

"என்ற பேச்ச அவரு எப்பக் கேட்டிருக்காரு?"

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைச் சொல்வது மாதிரி சொன்னாள். பிறகு, தலையை நிமிர்த்தாமலேயே ஒன்று கேட்டாள்.

"அந்த டெக்குல ஏறி நின்னா என்ற கிச்சன் ஜன்னல் தெரியுமா?"

பொய் சொல்லலாமா என்று விஷாகா ஒரு கணம் யோசித்தாள். பிறகு உண்மையையே சொன்னாள். வேலி ஆறடி, டெக்கே நாலடி உயரத்துக்கு வரும், அதில் ஏறி நின்றால் வேலிக்கு மேலே ஜன்னல் தெரியத்தான் செய்யும்.

பூங்கோதை தலையை ஆட்டிக்கொண்டாள். பொறுக்கின வெண்டைக்காயை அப்படியே கூடையில் கொட்டிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள்.

அக்காவுக்கும் பிடிக்கவில்லை என்று விஷாகா நினைத்துக்கொண்டாள். காரில் வந்து உட்கார்ந்தபோது அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. டெக் எதற்கு என்று யார் கேட்டாலும் காற்றுக்கு, வெயிலுக்கு, நாலு பேர் வந்தால் உட்கார என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதிதிகூடப் போனில், "மாம், ஜஸ்ட் லெட் இட் கோ, இட்ஸ் எ டெக்" என்றிருந்தாள். வேலி வந்த நாளிலிருந்து பூங்கோதையின் சமையலறை விளக்கை மாடியிலிருந்து மட்டும்தான் பார்க்க முடிகிறது, டெக் வந்தால் அந்த முகத்தையே பார்க்கலாம் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த முகமே இப்போது வெண்டைக்காயைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது.

மாலையில் ஸ்டேஷனில் ஏறிக்கொண்ட கதிரிடம், உங்கள் அண்ணன் வருகிறார் என்று மட்டும் சொன்னாள். அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, அப்படியா என்றான்.

ஹியரிங் ஹாலில் ஐம்பது நாற்காலி இருந்தது, பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். மேடையில் போர்டு உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாள். அவளுக்குப் பக்கத்தில் போர்டின் வக்கீல். முதலில் ஒரு பீட்சா கடைக்காரன் பெயர்ப் பலகையைக் கொஞ்சம் பெரிதாக வைக்க அனுமதி கேட்டான். அதற்கு அரை மணி நேரம் விவாதித்தார்கள்.

மூன்றாவது வரிசையில் குமாரசாமி கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூங்கோதை, பட்டுப்புடவையில். மனைவியையும் கூட்டி வந்து உட்கார வைத்தால் எடுபடும் என்று நினைத்திருப்பார். கதிர் அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தான். அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷாகாவின் முறை வந்தது. வலது கையை உயர்த்தி, உண்மையைச் சொல்வேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் பேசினாள். காலையிலிருந்து முட்டிக்கொண்டு நின்ற பேச்சு, மைக்குக்கு முன்னால் தடையில்லாமல் வந்தது. போட்டோக்களைக் காட்டினாள். பள்ளத்துக்கு மேலே தொங்கும் கதவையும் குறுக்கே அடித்த கட்டையையும் பார்த்து ஒரு உறுப்பினர் உதட்டைப் பிதுக்கினார். கதவை வேறு பக்கம் மாற்ற முடியாதா என்று கேட்டார்கள். மாற்றினால் சமையலறையையே இடிக்க வேண்டும் என்றாள். தலைவி புரிகிறது என்பதுபோல் சிரித்தாள். கதிர் பக்கத்தில் நின்றிருந்தான். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பொதுமக்களில் யாராவது பேச வேண்டுமா என்று தலைவி கேட்டபோது குமாரசாமி எழுந்தார்.

நல்ல ஆங்கிலம் அவருடையது. பெயர், முகவரி, இத்தனை வருஷம் மாநில அரசில் இன்ஜினியர் என்பதையெல்லாம் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். மழைத் தண்ணீர் தன் பக்கம் வழியும் என்றார். தீப்பிடித்தால் தாவுவதற்குத் தோதான தூரம் என்றார். பத்தடி என்று விதி வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த டெக்கில் ஏறி நின்றால் தன் வீட்டுச் சமையலறைக்குள் பார்க்க முடியும், அது தன் குடும்பத்தின் அந்தரங்கத்தில் தலையிடுவது என்றார்.

பேச்சு முழுக்க விஷாகாவை 'விண்ணப்பதாரர்' என்றே குறிப்பிட்டார். தம்பியின் பெயரையும் எடுக்கவில்லை. விண்ணப்பதாரருக்கு மற்றவர்கள் வீட்டு விஷயத்தில் எல்லை எதுவென்று தெரியாது, இதற்கு முன்பும் அதை மீறியிருக்கிறார் என்று முடித்தார். அது என்ன எல்லை என்று தலைவி கேட்டாள். அது இந்தப் போர்டுக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விஷாகாவுக்குக் காது சூடாகிவிட்டது. திரும்பிக் கதிரைப் பார்த்தாள். அவன் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு யாராவது உண்டா என்று தலைவி கேட்டாள். அடுத்த பேப்பரை எடுக்கப் போன நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

பூங்கோதையின் கை.

குமாரசாமி அவள் முந்தானையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவள் முந்தானையை விடுவித்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து வந்து மைக்கின் முன்னால் நின்றாள். சத்தியப் பிரமாணத்தை வக்கீல் சொல்லி முடிப்பதற்கு முன்பே யெஸ் என்றாள். பிறகு பேசினாள், தனக்கு இருந்த ஆங்கிலத்தில். வினைச்சொல் எல்லாம் எங்கெங்கோ போய் விழுந்தது, ஆனால் ஒருவருக்கும் புரியாமல் போகவில்லை. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"அந்த வீட்டுப் பத்திரத்துல என் பேரும் இருக்கு. இவ்வளவு நேரம் அவர் சொன்னது அவரோட ஆட்சேபம். எனக்கு ஆட்சேபம் இல்லை."

போர்டின் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். தலைவி சற்று முன்னால் குனிந்து, உங்கள் சமையலறைக்குள் பார்க்கலாம் என்கிறாரே உங்கள் கணவர், அது உங்களுக்குத் தொந்தரவு இல்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் நாள் முழுக்க அந்தக் கிச்சன்லதான் நிக்கிறேன். என்னை யாரும் பாக்கறதில்லை. அவ பாக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தாங்க்யூ என்றாள். திரும்பிப் போய்க் குமாரசாமிக்குப் பக்கத்தில் உட்காராமல், கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்தாள்.

விஷாகா கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் கடையில் கேட்ட கேள்வியை என்னவென்று எடுத்துக்கொண்டோம், அக்கா என்னவென்று கேட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. மேடையில் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இடைஞ்சல் உண்மையானதுதான், வேறு இடத்தில் கட்ட வழியில்லை, பக்கத்து வீட்டு உரிமையாளர்களில் ஒருவருக்கு ஆட்சேபமும் இல்லை என்று அந்த உதட்டைப் பிதுக்கிய உறுப்பினர் சொன்னார். அனுமதிக்கலாம் என்று நான் முன்மொழிகிறேன் என்றார். இன்னொருவர் வழிமொழிந்தார். தலைவி ஓட்டெடுப்புக்குப் பெயர்களைப் படிக்க வாயெடுத்தாள்.

"எக்ஸ்கியூஸ் மி."

கதிரின் குரல். மைக்கை அவன் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

"நாங்க அப்ளிகேஷனை வித்ட்ரா பண்ணிக்கறோம்."

முதலில் விஷாகாவுக்கு அவன் வேறு யாருடைய அப்ளிகேஷனைப் பற்றியோ சொல்வதாகத்தான் பட்டது. தலைவியும் சரியாகக் காதில் விழாததுபோல் கேட்டாள். அவன் மறுபடி அதையே சொன்னான். வீட்டில் பேசி முடிவு பண்ணிக்கொள்கிறோம், உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கணும் என்றான். வக்கீல் தலைவியின் காதில் ஏதோ சொன்னார். பிறகு தலைவி விளக்கினாள். வீடு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. ஒருவர் வேண்டாமென்றால் போர்டு ஓட்டுக்கு விட முடியாது. பின்னால் வேண்டுமானால் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். அதையெல்லாம் அவள் கதிரிடம் சொல்லவில்லை, விஷாகாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"உங்களுக்கும் இதில் சம்மதம்தானா, மேடம்?"

ஹாலே அவளைப் பார்த்தது. ஏற்கெனவே ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இந்த மைக்கில் எதிரெதிராகப் பேசி முடித்திருக்கிறார்கள். இன்னொரு ஜோடியும் அதையே செய்ய வேண்டுமா? பீட்சா கடைக்காரன்கூடப் போகாமல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"யெஸ்" என்றாள் விஷாகா.

போட்டோக்களை அவளே பொறுக்கி எடுத்துக்கொண்டாள். கதிர் உதவிக்குக் கையை நீட்டியபோது கொடுக்கவில்லை.

பார்க்கிங் லாட்டில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. காரைத் திறக்காமல் அதன் மேல் சாய்ந்து நின்றாள். கதிர் இரண்டடி தள்ளி நின்றான்.

"அக்கா உங்களுக்கும் சேத்துத்தான் வந்து நின்னாங்க" என்றாள். "அவங்களால முடிஞ்சது. உங்களால முடியல."

"அண்ணன் கை நடுங்கிச்சு விஷாகா. நீ பாக்கல. அவரை அப்படி நான் பாத்ததே இல்ல. அப்பா போனப்பகூட."

"பாத்தேன். மைக்கைப் பிடிச்சிருந்த அக்கா கையும்தான் நடுங்கிச்சு. அதை நீங்க பாக்கல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டான். படிக்க வைத்தவர், இந்த நாட்டுக்குக் கூட்டி வந்தவர், அவரை நாலு பேர் முன்னால் தோற்க விடச் சொல்கிறாயா என்றுதான் கேட்க வந்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவன் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம் அவளேதான் சொல்லிப் புரிந்துகொண்டிருக்கிறாள். இன்று அதற்கும் மனசில்லை.

எதிர் வரிசையில் குமாரசாமி காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட் காலி. கதிர் அந்தப் பக்கம் பார்த்தான்.

"அவருக்கு பிபி இருக்கு. இந்த நிலைமையில தனியா டிரைவ் பண்ண வேண்டாம். நான் கூடப் போறேன். அண்ணியை நீ கூட்டிட்டு வந்துடு."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பார்க்கிங் லாட்டைக் குறுக்கே கடந்து போய், அண்ணனை இறங்கச் சொல்லி, தானே டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். குமாரசாமி மறுபேச்சில்லாமல் மாறி உட்கார்ந்தார். வேலி வந்த பிறகு அண்ணனும் தம்பியும் ஒரே காரில் போவது அதுதான் முதல் தடவை. அதற்கு இந்த விலை என்று விஷாகா நினைத்தாள். அந்தக் கார் வெளியேறும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பூங்கோதை ரெஸ்ட் ரூமிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அவர்கள் எங்கே என்று கேட்கவில்லை. காலியான இடத்தைப் பார்த்துவிட்டு, விஷாகாவின் காரில் ஏறி, புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சாரி அக்கா" என்றாள் விஷாகா, காரை எடுத்தபடி.

"நீ எதுக்குக் கண்ணு சாரி சொல்ற? நீ சொல்லச் சொல்லி நான் சொல்லல."

பிறகு, இப்போது வீட்டுக்குப் போக வேண்டாம் என்றாள் பூங்கோதை. எங்கே போகலாம் என்றதற்கு, எங்கே வேண்டுமானாலும் போ, அந்தத் தெருவுக்கு மட்டும் வேண்டாம் என்றாள். விஷாகா ஓக் ட்ரீ ரோட்டுப் பக்கம் திருப்பினாள். நகைக்கடைகளிலும் புடவைக்கடைகளிலும் விளக்கு எரிந்தது. வார நாளிலும் டிராபிக் நகர மறுத்தது. இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஆள் இருப்பதே போதும் போலிருந்தது.

ஒரு சிக்னலில் நின்றபோது போன் அடித்தது. கார் ஸ்க்ரீனில் பெயர் பெரிதாக வந்தது.

இனியன்.

பூங்கோதை அதைப் படித்தாள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிப்பவள் மாதிரி வாய் அசைந்தது.

"உன்ற கூடப் பேசறானா?"

"எப்பவாவதுதான் அக்கா. தீபாவளிக்குப் பேசினது. அதுக்கப்புறம் இல்ல, சத்தியமா."

"எனக்கு ஞாயித்துக்கெழமை கூப்புடுவான். ரெண்டு நிமிசம். அவரு பக்கத்துல இருப்பாரு." பூங்கோதை ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடு."

விஷாகாவின் விரல் தயங்கியது. பூங்கோதையே கையை நீட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மகனின் குரல் காருக்குள் நாலு பக்கத்திலிருந்தும் கேட்டது.

"சித்தி? ஹாஸ்பிடல்லேருந்து பேசறேன். உங்ககிட்டகூட சொல்லாம வச்சிருந்தேன், கோச்சுக்காதீங்க. பொண்ணு பொறந்திருக்கா. இன்னிக்கு மார்னிங். நேட்டலி நல்லா இருக்கா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. யாருகிட்டயாவது தமிழ்ல சொல்லணும் போல இருந்துச்சு சித்தி."

விஷாகா திரும்பிப் பார்த்தாள். பூங்கோதை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இனியா..." என்று விஷாகா தொடங்கினாள்.

"ஒரே ஒரு விஷயம் சித்தி. அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க. அம்மா அப்பாவை மீறி ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அவர் என்ன சொல்றாரோ அதைத்தான் அவங்களும் சொல்வாங்க. இந்தக் குழந்தை விஷயத்துல அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. ப்ராமிஸ் பண்ணுங்க சித்தி."

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். விஷாகாவின் கால் பிரேக்கை விட்டு எழவில்லை. இல்லை இனியா, உன் அம்மா இங்கேதான் இருக்காங்க, இன்றைக்கு அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா என்று சொல்வதற்காக மூச்சை இழுத்தாள்.

பூங்கோதை வாயிலிருந்து ஒரு கையை எடுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுத்தமான பிடி. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு, சரி என்று சொல்லு என்பதுபோல் மேலும் கீழுமாக ஒரே ஒரு தடவை அசைத்தாள்.

"சித்தி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள் விஷாகா. பிடி இன்னும் இறுகியது. "சொல்ல மாட்டேன் இனியா. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."